சட்டை வண்டி

பிலிப்ராஜைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய முழங்காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். இருபத்தெட்டு வருடமாக டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி அவர். ஆலங்காயத்தில் புதிதாகக் கட்டிய எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் காலுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் அவருடைய கைவேலை. நாள் முழுக்க மண்டி போட்டே பிழைத்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் எல்லாரும் முழங்காலிடும்போது அவர் மட்டும் நிற்பார். "வாரம் பூரா போட்டது போதாதாப்பா?" என்பார். சாமியாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இப்படித் தரையோடு தரையாகக் கிடந்தவருக்கு உயரமான வண்டியின் மேல் ஆசை வந்ததை நான் தப்பு சொல்ல மாட்டேன். அவர் என் சித்தப்பா மகள் ஜெயசெல்வியின் கணவர். எனக்கு மச்சான் முறை. ஆலங்காயத்தில் நான் வைத்திருக்கும் எலக்ட்ரிகல் கடைக்கு வாரத்தில் நாலு நாள் வந்து உட்காருவார். எதுவும் வாங்க மாட்டார், பந்தாட்டம் பேசுவார்.

எங்கள் ஊர் சூசைநகர், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. நூற்றைம்பது வீடு, ஒரு கோயில், ஒரு மைதானம். எங்களுக்குக் கிரிக்கெட் தெரியாது. அதைக் குறையாக அல்ல, பெருமையாகவே சொல்லிக்கொள்வோம். ஊருக்கென்று ஒரு கால்பந்துக் கழகம் உண்டு. வருடா வருடம் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, மாதா திருநாள் அன்று, மேலே ஜமுனாமரத்தூரில் நடக்கிற மலைக்கோப்பை இறுதி ஆட்டத்துக்கு எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடுவோம். எதிரி பெரும்பாலும் ஒடுகத்தூர் அணிதான்.

எங்கள் ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நன்றாக ஆடுவார்கள். சொல்ல வேண்டியது ரசிகர்களான எங்களைப் பற்றி. அணியின் சட்டையில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறதோ அந்தக் கம்பெனிக்கு ஊரே கட்டுப்பட்டது. இதை யாரும் தீர்மானம் போடவில்லை. ஆனால் மீறியவன் கோயில் வாசலில் தனியாகத்தான் நிற்க வேண்டும். முதலில் ஒரு கடலை எண்ணெய் மண்டி சட்டை கொடுத்தது. மூன்று வருடம் எங்கள் ஊரில் இட்லியைக்கூடப் பொரித்துத் தின்றார்கள். அடுத்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வந்தது. ஒரே தவக்காலத்து நாற்பது நாளுக்குள் பாதி ஊருக்குப் பார்வை மங்கிவிட்டது. பிலிப்ராஜுக்குக் கழுகுக் கண். ஒரு நூல் கோணல் இருந்தாலும் டைல்ஸைப் பெயர்த்துவிடுவார். அவரும் வெறும் கண்ணாடி போட்ட ஃபிரேமை மூக்கில் மாட்டிக்கொண்டு இரண்டு வருடம் திரிந்தார்.

அதற்குப் பிறகுதான் வேங்கை வந்தது. மலை, காடு, ஆறு எதையும் ஏறிக் கடக்கிற ஜீப் கம்பெனி. சட்டையோடு பூட்ஸும் கொடுத்தார்கள். சட்டை மார்பில் பாயும் புலியும் அதன் கீழே 'நான்கு சக்கரமும் உழைக்கும்' என்ற வாசகமும் இருந்தன. ஒடுகத்தூர்க்காரர்களுக்கு அதே வருடம் கஜராஜ் என்ற இன்னொரு ஜீப் கம்பெனி சட்டை கொடுத்துத் தொலைத்தது. அவ்வளவுதான். இரண்டு ஊரிலும் ஜீப் வாங்க ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் இருப்பதிலேயே பெரிய மேடு பள்ளிக்கூடத்து வேகத்தடை. அதைக் கடக்க ஏழு வேங்கைகள் வந்து நின்றன. எங்கள் ஊர்ப் பெண் ரெனியின் வீட்டில் நல்ல மாப்பிள்ளை ஒருவனை, அவன் அப்பா கஜராஜ் ஓட்டுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்றார்கள். இதற்குப் பொருத்தம் சரியில்லை என்று பெயர்.

பிலிப்ராஜ் வேங்கை வாங்கிய கதையை அவரே பிற்பாடு என்னிடம் சொன்னார். வாணியம்பாடியில் ஷோரூம் இருக்க, ஓசூர் வரைக்கும் போய் வாங்கினார். கேட்டதற்கு அங்கே விலை சல்லிசு என்றார். விஷயம் அதுவல்ல. வேங்கையில் இரண்டு வகை உண்டு. நாலு சக்கரமும் இழுப்பது ஒன்று. பார்க்க அச்சு அசல் அதே மாதிரி இருந்துகொண்டு பின்சக்கரம் மட்டும் இழுப்பது இன்னொன்று. முதல் வகைக்கு அவருடைய முழங்கால் இன்னும் ஐந்து வருடம் தேய வேண்டும். அவர் இரண்டாம் வகையை வாங்கினார். ஓசூரிலேயே ஒரு ஸ்டிக்கர் கடையில் 'ஃபோர் பை ஃபோர்' என்று வெள்ளியில் எழுதிய ஸ்டிக்கரும் வாங்கினார். ஒட்டுவதுதான் அவருடைய தொழிலாயிற்றே. ரசமட்டம் வைத்து, குமிழி இல்லாமல் ஒட்டினார், கம்பெனிக்காரன்கூட அப்படி ஒட்டியிருக்க மாட்டான். உள்ளே டேஷ்போர்டில் நாலு சக்கரத்தை முடுக்குகிற குமிழ் ஒன்று இருக்க வேண்டும். அதற்கு என் கடையில் ஒரு ஃபேன் ரெகுலேட்டர் வாங்கிப் போய், அதன் குமிழைக் கழற்றிப் பசை போட்டு ஒட்டிவிட்டார். அந்தக் கோடையில் சூசைநகரிலிருந்து இன்னும் நாலைந்து பேர் அதே ரெகுலேட்டரைக் கேட்டு வாங்கினார்கள். வெயில் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ரகசியம் ஜெயசெல்வி ஒருத்திக்குத்தான் தெரியும். பிலிப்ராஜோ அந்தக் குமிழைக் காட்டியே ஊரில் பெரிய மனிதராகிவிட்டார். "சும்மா சும்மா போடக்கூடாது மச்சான், அவசரத்துக்குன்னு கீது அது" என்பார். அவருடைய வண்டிக்கு வழிவிட்டு நின்றார்கள். கழகக் கூட்டத்தில் முன் நாற்காலி கிடைத்தது. ஐம்பது வயதில் முதல் முறையாக மனிதர்கள் அவரை அண்ணாந்து பார்த்தார்கள். அது போய்விடக்கூடாது என்ற ஒரே பயத்தில் மூன்று வருடம் மழை பெய்கிற நாளில் வண்டியை வெளியே எடுக்காமல் காப்பாற்றினார்.

இனி சட்டை வண்டியைச் சொல்ல வேண்டும். இறுதி ஆட்டத்துக்கு ஆட்டக்காரர்கள் காலையிலேயே அரசு பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் போய்விடுவார்கள். சட்டைகள் அப்படிப் போகாது. திருநாள் பூசை முடிந்து, சாமியார் தீர்த்தம் தெளித்து, புலி மேலே தெரியும்படி மடித்து டிரங்குப் பெட்டியில் அடுக்கி, ரசிகர்களின் ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு ஜீப்பில் போகும். அதுதான் சட்டை வண்டி. எந்த வண்டி என்பதை ஜூலையில் குலுக்கல் போட்டுத் தீர்மானிப்போம். அந்த வருடம் அணித் தலைவன் அருள் பழைய கோப்பைக்குள் கையை விட்டு எடுத்த சீட்டில் பிலிப்ராஜ் பெயர் இருந்தது. மனிதர் அழுதுவிட்டார்.

அந்தச் சந்தோஷம் எட்டு நாள்தான். வேங்கைக் கம்பெனியின் விளம்பரப் பிரிவிலிருந்து பார்த்திபன் என்பவர் சென்னையிலிருந்து வந்தார். எங்கள் விசுவாசத்தைக் கேள்விப்பட்டாராம். ஊர்வலத்தைப் படமெடுக்கப் போகிறாராம். படம் நன்றாக வந்தால் இன்னும் மூன்று வருடத்துக்குச் சட்டையும் பூட்ஸும் நிச்சயம் என்றார். தார் ரோட்டில் போவதில் என்ன இருக்கிறது என்று அவரே கேட்டு, அவரே வழியும் கண்டுபிடித்தார். காவலூர் தாண்டி இடப்பக்கம் ஒரு மண்பாதை இறங்கும். களிமண் சரிவு, அடியில் ஓர் ஓடை, அப்புறம் ஏற்றம். இரண்டு கிலோமீட்டரில் மறுபடி தார் ரோட்டிலேயே வந்து சேரும். அந்த ஓடையைச் சட்டை வண்டி முதலாவதாகப் பாய்ந்து கடக்க வேண்டும்.

என்னையும் சேர்த்து ஏழு ஜீப் முதலாளிகளும் கைதட்டினோம். பிலிப்ராஜ் எல்லாரையும்விட பலமாகத் தட்டினார்.

அன்று வீட்டில் நடந்ததை ஜெயசெல்வி சொன்னாள்.

"இன்னாங்க, சோறு இறங்கலையா?"

"செல்வி, அந்த ஓடையில நம்ம வண்டி நின்னுடும்டி."

"நின்னா இன்னா? பஸ்ஸுல அனுப்புங்க பொட்டிய. புள்ளைங்களே பஸ்ஸுலதான போவுது."

"சட்டைய பஸ்ஸுலயா?" என்று கையை உதறிவிட்டு எழுந்திருக்கிறார். "உனுக்கு ஒண்ணும் புரியாது."

"புரியுதுங்க. ஸ்டிக்கர உரிச்சா மரியாத போய்டும்னு பாக்கறீங்க. நீங்க ஒட்ன டைல்ஸு ஒண்ணுகூட இதுவரிக்கும் பெயரல. அந்த மரியாத போதாதா?"

அவர் மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு அந்தப் பாதைக்குக் கிளம்பினார். என்ன திட்டினாலும் கூடப் போகிறவள்தானே அவள், போனாள். சக்கரம் பதியக்கூடிய இடத்தில் எல்லாம் கருங்கல் ஜல்லி போட்டு, மேலே மண் தூவி, கண்ணுக்குத் தெரியாமல் கெட்டிப்படுத்திவிடுவது அவருடைய திட்டம். தரையைக் கெட்டிப்படுத்த அவரை மிஞ்ச ஆள் இல்லை. போய்ப் பார்த்தால் ஓடையில் ஏற்கெனவே கல் கிடந்தது, இடையிடையே உடைந்த பலகைத் துண்டுகளும். இன்னோர் இடத்தில் செங்கல் உடைசல். மேட்டில் யாரோ தென்னமட்டையைப் பதித்து மண்ணைத் தூவியிருந்தார்கள். "பாரஸ்ட்காரங்க நல்லவங்க செல்வி" என்று பிலிப்ராஜ் மலையைப் பார்த்துக் கும்பிட்டாராம். மூன்று நாள் விடிகாலையில் போய் மீதி வேலையையும் முடித்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கினார்.

பதினாலாம் தேதி மாலை மலையில் மழை பிடித்தது. அடித்த அடியில் ஓடை தன்மேல் கிடந்த கல், செங்கல், தென்னமட்டை அத்தனையையும் வாரிக்கொண்டு போய்விட்டது.

திருநாள் பூசை முடிந்து பதினொரு மணிக்குக் கிளம்பினோம். முன்னால் பிலிப்ராஜ். பக்கத்து இருக்கையில் பட்டுப்புடவையில் ஜெயசெல்வி. பின்னால் மாலை போட்ட டிரங்குப் பெட்டி. அடுத்து ஐந்து வேங்கைகள், கடைசியாக நான். காவலூரில் நின்று டீ குடித்தோம். பிலிப்ராஜ் டீயைக் கையிலேயே ஆறவைத்துக் கொட்டினார். எனக்கு அப்போது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காரணம் பிறகு சொல்கிறேன்.

சரிவில் பிலிப்ராஜ் இறங்கினார். ஓடையின் நடுவில் முன்சக்கரம் ஏறி, பின்சக்கரம் புதைந்து, வண்டி நின்றது. அடுத்து வந்தவர் பக்கவாட்டில் ஒதுங்கப் போய்ப் புதரில் சாய்ந்தார். மற்ற நாலு பேரும் களிமண் சரிவில் நின்றபடி சக்கரத்தைச் சுற்றினார்கள். மண் வந்து சாமியார் தீர்த்தம் தெளித்த கண்ணாடியை மூடியது. மேலே பார்த்திபனின் டிரோன் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஒருவன்தான் சரிவுக்கு மேலே கெட்டித் தரையில் இருந்தேன்.

"சார், ஃபோர் பை ஃபோர் போடுங்க சார்!" என்று அக்கரையிலிருந்து பார்த்திபன் கத்தினார்.

பிலிப்ராஜ் குமிழைத் திருகினார். குமிழ் கையோடு வந்துவிட்டது.

அவர் வாழ்நாளில் ஒட்டியதில் பெயர்ந்தது அது ஒன்றுதான். அதைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். மணி ஒன்றே கால். மூன்று மணிக்கு ஆட்டம். அரை மணி நேரம் பார்ப்பார்கள், சட்டை வரவில்லை என்றால் கோப்பையை ஒடுகத்தூரிடம் கொடுத்துவிடுவார்கள். அருள் பிலிப்ராஜுக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டான். "பெரியப்பா, எங்க கீறீங்க? பனியனோட நின்னுனுகீறோம்."

"ஜஸ்டஸு, நீ வந்து இழு மச்சான்!" என்று கீழேயிருந்து என்னை நாலு பேர் கூப்பிட்டார்கள். கயிறு இல்லை என்றேன். ஒருவர் கயிற்றை எடுத்து வீசினார். என் வண்டியில் கியர் ஆயில் ஒழுகுகிறது என்றேன். நானும் இறங்கி மாட்டிக்கொண்டால் அவசரம் ஆபத்துக்கு ஊரில் ஒரு வண்டி வேண்டாமா என்றேன். வீசியவர் கயிற்றைத் திரும்ப இழுத்துச் சுருட்டிக்கொண்டார்.

அப்போதுதான் புதரில் சாய்ந்த வண்டிக்காரர் வாயை விட்டார். "வண்டியே சரியில்லப்பா! வேங்கைன்னு பேரு, பூனகூட இல்ல. கஜராஜா இருந்தா இந்நேரம் மேல போயிருக்கும்."

பார்த்திபனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கியர் பாக்ஸ் ஃபால்ட்டா இருக்கும் சார், கம்பெனியில சொல்லி…" என்று இழுத்தார். பிலிப்ராஜுக்கு அங்கே வாசல் திறந்திருந்தது. ஆமாம், பழுதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மரியாதை மிஞ்சும். பழியைக் கம்பெனி சுமந்துகொண்டு போய்விடும்.

அவர் வண்டியை விட்டு இறங்கினார். முழங்கால் வரை சேறு.

"வண்டி மேல பழி போடாத!" என்றார். "நம்ம புள்ளைங்க மார்ல கீற பேரு அது. அத பத்தி ஒரு வார்த்த தப்பா பேசாத. தப்பு என்மேல. என் வண்டி ஃபோர் பை ஃபோரே இல்ல. பின் சக்கரம் மட்டுந்தான். ஸ்டிக்கர் நான் ஒட்னது. இது ஜஸ்டஸு கடை ஃபேன் ரெகுலேட்டரு." குமிழை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினார்.

நான் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. புதரில் இருந்தவர் மெதுவாகத் தன் கதவைத் திறந்து, "பிலிப்பு, நான் வேலூர்ல வாங்கினேன். நம்மளுதும் அதே வகதாம்பா" என்றார். அடுத்தவர் திருப்பத்தூரில் வாங்கினாராம். ஒருவர் பின் ஒருவராக, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்ல வரிசையில் நிற்கிற மாதிரி, அத்தனை பேரும் சொன்னார்கள். செங்கல் உடைசல் போட்டது யார், தென்னமட்டை புதைத்தது யார் என்பதும் வரிசையாக வெளியே வந்தது. எல்லாரும் ஒரே மாதிரி குமிழைப் பிடுங்கிக் காட்டினார்கள். என் கடையில் இவ்வளவு நல்ல வியாபாரம் நடந்ததற்கு வெயில் காரணமில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இந்த ஆண்கள் இப்படி ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டிருக்கும்போது ஜெயசெல்வி பட்டுப்புடவையை வரிந்து கட்டினாள். பெட்டியிலிருந்து பதினாறு சட்டையையும் எடுத்து ஒரு துண்டில் மூட்டை கட்டினாள்.

"உங்க நாலு சக்கரத்த நீங்களே வெச்சிக்கங்க. எனுக்கு ரெண்டு கால் போதும். நான் போய்ட்டு வர்றேன்."

ஓடையைக் கடந்து, ஏற்றம் ஏறி, தார் ரோட்டுக்குப் போய்க் கையைக் காட்டினாள். ஜமுனாமரத்தூர் பஸ் நின்றது. அந்தப் பஸ்ஸுக்கும் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். உள்ளே ஒடுகத்தூர் ரசிகர் குடும்பம் ஒன்று இருந்ததாம். அவர்களுடைய கஜராஜ் காலையில் மேலே கிளம்பவே இல்லையாம். மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இடம் கொடுத்தார்கள்.

இரண்டே முக்காலுக்குச் சட்டைகள் மைதானத்தில் இருந்தன. எங்கள் அணி வரலாற்றிலேயே ரசிகர்கள் யாரும் வராத முதல் இறுதி ஆட்டம் அது. இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தார்கள். எல்லைக்கோட்டில் நின்று கத்தியது ஜெயசெல்வி ஒருத்திதான். ரொம்ப அமைதியாக, புத்தி சிதறாமல் ஆட முடிந்தது என்று அருள் பிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நாங்கள் அப்போது ராஜவேலுவின் டிராக்டருக்காகக் காத்திருந்தோம். பக்கத்துக் கொல்லையில் சாமைக்கு உழுதுகொண்டிருந்தவர். ஒவ்வொரு வண்டியாக இழுத்துப் போட்டுவிட்டுக் காலி டிரங்குப் பெட்டியை எட்டிப் பார்த்தார். "இந்தப் பொட்டிக்கா ஏழு வண்டி வந்தீங்க?" என்றார்.

மறுநாள் காலை பிலிப்ராஜ் வாசலில் ஸ்டிக்கரை உரித்தார். வெந்நீர் ஊற்றி, பிளேடால் சுரண்டி, ஒட்டிய மாதிரியே ஒழுங்காக உரித்தார். மரியாதை போய்விடும் என்று பயந்தாரே, ஒன்றும் போகவில்லை. அவர் பேரைச் சொல்லும்போது ஜனங்கள் குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். மற்ற ஐந்து பேரும் அதே வாரம் உரித்தார்கள். பார்த்திபனும் நல்ல மனிதர். பழி தன்மேல் விழட்டும் என்று சொன்ன ரசிகரைப் பற்றிக் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார். மூன்று வருடத்துக்குச் சட்டை நிச்சயமாகிவிட்டது. ஆனால் ஓடையைக் கடக்கிற படம் அடுத்த ஆகஸ்டில் கட்டாயம் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள்.

அதனால் இந்த ஜூலையில் குலுக்கல் நடக்கவில்லை. எதற்குக் குலுக்க வேண்டும்? ஊரில் ஸ்டிக்கர் உரிக்கப்படாத வேங்கை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அன்று சேற்றில் மாட்டாமல் நின்ற ஒரே வண்டி. "ஜஸ்டஸு வண்டிதான் நெஜமான ஃபோர் பை ஃபோர்" என்று கழகம் ஒருமனதாகக் கைதட்டியது. நானும் எல்லாரையும்விட பலமாகத் தட்டினேன்.

என் வண்டியைக் கிருஷ்ணகிரியில் பழையதாக வாங்கினேன். குமிழுக்கு என் கடைப் பெட்டியிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொண்டேன். அந்த ஓடையில் கருங்கல்லோடு கலந்து கிடந்த உடைந்த ஸ்விட்ச்போர்டுப் பலகைகள் என்னுடையவை. காவலூரில் பிலிப்ராஜைப் பார்த்துப் பாவப்பட்டதற்குக் காரணம் இதுதான், அவர் முகத்தில் இருந்த பயம் என்னுடையதும்தான். அன்று சரிவின் மேல் நின்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் அத்தனை பேரும் சொன்ன பிறகும் வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை பிலிப்ராஜ் கடைக்கு வந்தார். வழக்கம்போல எதுவும் வாங்கவில்லை. ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றை எடுத்து, குமிழை இப்படியும் அப்படியும் திருகிப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார். பந்தாட்டம் பேசவில்லை. பஜாரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"கல்லு போட எப்பப் போலாம் மச்சான்? மண்வெட்டி நான் எடுத்தாறேன்."